மேல் இமை எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது? டோசிஸை அளக்கும் முறை

"ஒரு கண் மட்டும் சின்னதாகத் தெரிகிறது", "சாயங்காலம் ஆனால் கண் சொருகுகிறது", "எப்போது பார்த்தாலும் தூங்கி வழிகிறாயே என்று கேட்கிறார்கள்." மேல் இமை இறங்கியவர்கள் பெரும்பாலும் இந்த வார்த்தைகளோடுதான் கண் மருத்துவரிடம் வருகிறார்கள். இதற்கு மருத்துவப் பெயர் டோசிஸ். பெயர் வைப்பது எளிது. எவ்வளவு இறங்கியிருக்கிறது, ஏன் இறங்கியது, எந்தச் சிகிச்சை பொருந்தும் என்று கேட்டால், அதற்கு ஸ்கேலும் டார்ச்சும் வேண்டும். கண் பரிசோதனை கற்கும் மாணவர்கள், செவிலியர்கள், தங்கள் அறிக்கையில் உள்ள எண்களைப் புரிந்துகொள்ள விரும்புபவர்கள் ஆகியோருக்காக இந்த விளக்கம்.

நேராகப் பார்க்கும்போது மேல் இமையின் விளிம்பு கருவிழி வட்டத்தின் மேல் ஓரத்தை 1 முதல் 2 மி.மீ. வரை மூடியிருப்பது இயல்பு. வட்டத்துக்கு மேலே வெள்ளை தெரிந்தால் இமை அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது. 2 மி.மீ.க்கு மேல் மூடும்படி இறங்கி நின்றால் டோசிஸ் என்று சந்தேகிக்கலாம்.

கிணற்று வாளி பாதியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இழுக்கிற கைக்கு வலு இல்லாமல் இருக்கலாம். கை நன்றாகவே இழுத்தும், கயிறு நீண்டு தளர்ந்துபோயிருக்கலாம். இமையிலும் இதே கதைதான். கண்குழியின் ஆழத்திலிருந்து வரும் லெவேட்டர் தசை கை. அதன் முனையிலிருந்து இமைக்குள் இறங்கும் மெல்லிய தசைநார்த் தகடு கயிறு. தசையை இயக்குவது மூன்றாவது மூளை நரம்பு. இதோடு முல்லர் தசை என்ற சிறிய தசை ஒன்று சுமார் 2 மி.மீ. தூக்கிக் கொடுக்கிறது, அதை இயக்குவது பரிவு நரம்பு, அதாவது நம் விருப்பத்துக்குக் காத்திராமல் தானாக இயங்கும் நரம்பு மண்டலத்தின் ஒரு பகுதி. இவை இரண்டும் தளர்ந்தால் நெற்றித் தசை உதவிக்கு வந்து புருவத்தோடு சேர்த்து இமையைத் தூக்கும்.

ஆகவே அளவு இரண்டு. இமை எங்கே நிற்கிறது என்பது ஒன்று. இமையைத் தசையால் எவ்வளவு தூரம் தூக்க முடிகிறது என்பது மற்றொன்று. முதலாவதை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. ஒரே அளவு இறங்கிய இரண்டு இமைகளுக்கு முற்றிலும் வேறான அறுவைச் சிகிச்சைகள் தேவைப்படுவது இந்த இரண்டாவது எண்ணால்தான்.

ஸ்கேலை எடுப்பதற்கு முன்

முதலில் கண்பாவைகளைப் பாருங்கள். இமை திடீரென்று இறங்கி, அதே பக்கத்துக் கண்பாவை விரிந்து, கண் வெளிப்புறமும் கீழ்ப்புறமும் திரும்பி, தலைவலியோ இரட்டைப் பார்வையோ இருந்தால் அது மூன்றாவது நரம்புப் பாதிப்பு. மூளை ரத்தக்குழாயில் உருவான வீக்கம் நரம்பை அழுத்துவதால்கூட இப்படி வரும். அங்கே மில்லிமீட்டர் கணக்குக்கு நேரமில்லை. உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். மாறாக, இமை 1–2 மி.மீ. மட்டும் இறங்கி அந்தப் பக்கத்துக் கண்பாவை சிறுத்திருந்தால் ஹார்னர் நோய்க்குறி, அதாவது கண்ணுக்கு வரும் பரிவு நரம்பில் பாதிப்பு, என்று நினைக்க வேண்டும். புதிதாக வந்து கழுத்து வலியும் இருந்தால் கழுத்து ரத்தக்குழாய்ச் சுவர் கிழிந்திருக்கக்கூடும். அதுவும் அவசரமே.

நம் ஊர்ப்பக்கத்துக்கு இன்னொன்றையும் சேர்த்தாக வேண்டும். இரவில் தரையில் படுத்திருந்தவர் காலையில் வயிற்று வலியோடு எழுந்து, இரண்டு இமைகளும் சொருகிக்கொண்டே போனால் கட்டுவிரியன் கடியை நினைத்தே ஆக வேண்டும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ தெளிவான தடமோ இல்லாமல் போகலாம். நல்ல பாம்பின் விஷத்திலும் இமை இறக்கம் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. "மேலே பாருங்கள்" என்று சொல்லி, இமைகள் முழுதாக ஏறுகின்றனவா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக் குறித்துக்கொள்வது பாம்புக்கடி வார்டில் மிகப் பயனுள்ள சோதனை. அடுத்து மூச்சுத் தசைகள் தளரும் என்பதால் இது உயிர் காக்கும் கவனிப்பு. கண் மூடிக் கிடப்பதால் நினைவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. அவருக்குக் காது கேட்கும், எல்லாம் புரியும். இமையைத் தூக்கத்தான் முடியாது.

முதல் எண்: ஒளிப்புள்ளியிலிருந்து இமை வரை

தேவையானவை ஒரு பென் டார்ச், ஒரு தெளிவான மி.மீ. ஸ்கேல். ஸ்கேலின் பூஜ்யம் விளிம்பிலேயே தொடங்க வேண்டும். விளிம்புக்கு அப்புறம் சில மி.மீ. தள்ளிப் பூஜ்யம் அச்சிட்ட பள்ளிக்கூட ஸ்கேல் இங்கே தொல்லை. ஒளி ஊடுருவும் ஸ்கேல் இன்னும் வசதி. கடினமான கான்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தால் கழற்றச் சொல்லுங்கள்.

அவரும் நீங்களும் ஒரே உயரத்தில், எதிரெதிரே உட்கார வேண்டும். நீங்கள் நின்றுகொண்டு அவர் உட்கார்ந்திருந்தால் அவர் பார்வை மேலே போகும், இமையும் கூடவே ஏறும். டோசிஸ் குறைத்துக் காட்டும். டார்ச்சை உங்கள் மூக்குத் தண்டின் உயரத்தில், இரு கண்களுக்கும் நடுவே பிடியுங்கள். ஒளி கூசும் அளவுக்கு வேண்டாம். கூசினால் கண்ணைச் சுருக்குவார். டார்ச்சையே பார்க்கச் சொன்னால், கண்ணின் முன்புறத்து ஒளிபுகும் படலமான கார்னியாவின் நடுவில், கண்பாவைக்கு முன்னால், ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். அந்த ஒளிப்புள்ளியிலிருந்து மேல் இமை விளிம்பின் நடுப்பகுதி வரை உள்ள தூரம்தான் எம்.ஆர்.டி. 1. இயல்பான அளவு 4 முதல் 5 மி.மீ.

அளக்கும்போது புருவத்தைக் கவனிப்பது மிக முக்கியம். இமை இறங்கியவர் தன்னையறியாமல் நெற்றியைச் சுருக்கிப் புருவத்தைத் தூக்கிக்கொள்வார். அந்த நிலையில் 3 மி.மீ. என்று எழுதினால் அது இமையின் எண் அல்ல, நெற்றியின் எண். "நெற்றியைத் தளர்த்துங்கள், கண்ணை மூடித் திறங்கள்" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். அப்போதும் புருவம் ஏறினால் கட்டை விரலைப் புருவத்தின் மேல் கிடையாக வைத்து எலும்போடு அழுத்துங்கள். அழுத்தம் பின்னோக்கி இருக்க வேண்டும். கீழ்நோக்கித் தள்ளினால் புருவத் தோல் இமையின் மேல் சரிந்து, இல்லாத டோசிஸை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

இமை முடிகளை விளிம்பு என்று எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கும் பிழை. முடி கீழ்நோக்கி வளைந்திருந்தால் 1 மி.மீ. தவறு எளிதாக வந்துவிடும். ஸ்கேலைக் கண்ணுக்கு மிக அருகில், ஆனால் முடியில் படாமல், செங்குத்தாகப் பிடியுங்கள். தள்ளிப் பிடித்தால் நீங்கள் தலையை லேசாக அசைத்தாலும் அளவு மாறும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் இந்தக் கோளாறு குறையும்.

இமை ஒளிப்புள்ளியையே மறைத்துவிட்டால்? அப்போது எண் கழித்தல் குறியோடு வரும். விரலால் இமையை மெல்லத் தூக்குங்கள். எத்தனை மி.மீ. தூக்கியபோது புள்ளி தெரிந்ததோ அதுவே அளவு, 2 மி.மீ. என்றால் −2 என்று எழுத வேண்டும். விளிம்பு சரியாகப் புள்ளியின் மேலேயே நின்றால் 0.

இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஒளிப்புள்ளியிலிருந்து கீழ் இமை விளிம்பு வரை அளந்தால் எம்.ஆர்.டி. 2, அது சுமார் 5 மி.மீ. இரண்டையும் கூட்டினால் கண் திறப்பின் மொத்த உயரம் வர வேண்டும். பெரியவர்களில் அது பொதுவாக 9–10 மி.மீ. திறப்பு 4 மி.மீ., எம்.ஆர்.டி. 2 ஐந்து மி.மீ. என்றால் எம்.ஆர்.டி. 1 −1 ஆகத்தான் இருக்க முடியும். கணக்கு இடித்தால் திரும்ப அளக்க வேண்டும்.

கண் திறப்பின் உயரத்தை மட்டும் வைத்து டோசிஸைச் சொல்லலாமே என்று தோன்றும். வேண்டாம். வயதானவர்களில் கீழ் இமை தொங்கி, திறப்பு பெரிதாகத் தெரியும். மேல் இமை இறங்கியது கணக்கில் மறைந்துவிடும். ஹார்னரில் கீழ் இமை சற்று மேலே ஏறி நிற்கும். இறக்கம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும்.

லேசு, நடுத்தரம், கடுமை

ஒரு கண்ணில் மட்டும் இறக்கம் என்றால் நல்ல கண்ணின் எம்.ஆர்.டி. 1 இலிருந்து மற்றதைக் கழித்தால் இறக்கத்தின் அளவு கிடைக்கும். இரண்டும் இறங்கியிருந்தால் 4 அல்லது 4.5 மி.மீ. இயல்பு என்று வைத்துக் கழிப்பார்கள். 2 மி.மீ. வரை லேசு, 3 நடுத்தரம், 4 அல்லது அதற்கு மேல் கடுமை என்பது பரவலாகப் பயன்படும் பிரிவு. ஆனால் எல்லா நூல்களும் ஒரே எல்லையை வைப்பதில்லை. 2.5 மி.மீ. வந்தால் எந்தப் பெட்டியில் போடுவது என்ற கேள்வியும் நிற்கிறது. அதனால் அறிக்கையில் "நடுத்தர டோசிஸ்" என்று மட்டும் எழுதுவது போதாது. எண்ணை எழுதுங்கள், வேண்டுமானால் பக்கத்தில் சொல்லையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கு எண்தான் உதவும்.

இரண்டாவது எண்: லெவேட்டரின் வலு

புருவத்தைக் கட்டை விரலால் முன்பு சொன்னபடி அழுத்திக்கொள்ளுங்கள். தலையை அசைக்காமல், முடிந்தவரை கீழே பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேலின் பூஜ்யத்தை மேல் இமை விளிம்பின் நடுவில் நிறுத்துங்கள். இப்போது ஸ்கேல் துளியும் அசையாமல், முடிந்தவரை மேலே பார்க்கச் சொல்லுங்கள். விளிம்பு எங்கே வந்து நிற்கிறதோ அந்த எண்தான் லெவேட்டர் செயல்பாடு.

15 மி.மீ. அல்லது அதற்கு மேல் இயல்பு. 12–14 நன்று, 5–11 நடுத்தரம், 4 அல்லது குறைவு என்றால் வலு மிகக் குறைவு. இன்னொரு பிரிவில் 8 அல்லது அதற்கு மேல் போனாலே நன்று, 5–7 நடுத்தரம். இரண்டிலும் 4 என்ற எல்லை மட்டும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். சிகிச்சை பிரியும் இடம் அதுதான்.

இங்கே தவறு நடப்பது பெரும்பாலும் விரலில். புருவத்தைத் தளர்வாகப் பிடித்தால், மேலே பார்க்கும்போது நெற்றி இமையைச் சேர்த்து இழுத்து, 4 மி.மீ. தசையை 7 அல்லது 8 என்று காட்டிவிடும். அந்த எண்ணை நம்பி லெவேட்டரைச் சுருக்கினால் அறுவைக்குப் பிறகும் இமை ஏறாது. மூன்று முறை அளப்பது நல்லது. முதல் முறை பலரும் முழுதாகக் கீழே பார்ப்பதில்லை. கண்ணையே மேலே திருப்ப முடியாதவரிடம் இந்த எண்ணை நம்ப முடியாது. கண் ஏறாவிட்டால் இமையும் ஏறாது.

மடிப்பும் கீழ்ப்பார்வையும்

மேல் இமையில் தோல் மடியும் கோடு விளிம்பிலிருந்து பெண்களில் சுமார் 8–10 மி.மீ., ஆண்களில் 6–8 மி.மீ. உயரத்தில் இருக்கும். கீழே பார்க்கச் சொல்லி இதை அளக்க வேண்டும். வயதாலோ, பல ஆண்டு கடினமான கான்டாக்ட் லென்ஸ் அணிந்ததாலோ தசைநார்த் தகடு தளர்ந்தால் மடிப்பு மேலே ஏறிவிடும். இமையும் மெலிந்து தெரியும். கயிறு தளர்ந்த கதை இது. லெவேட்டர் செயல்பாடு ஏறக்குறைய முழுதாகவே இருக்கும். பிறவியிலேயே தசை சரியாக வளராதவர்களில் மடிப்பு மங்கலாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

இரண்டையும் பிரித்துக் காட்ட இன்னும் எளிய வழி, கீழே பார்க்கச் சொல்வது. பிறவி டோசிஸில் தசை நார்போல் இறுகியிருப்பதால் அது சுருங்குவதும் இல்லை, நன்றாகத் தளர்வதும் இல்லை. நேராகப் பார்க்கும்போது இறங்கியிருந்த இமை, கீழே பார்க்கும்போது நல்ல கண்ணின் இமையைவிட உயரமாக நின்றுவிடும். வயதால் வந்ததில் கீழே பார்க்கும்போதும் அது தாழ்ந்தே இருக்கும். செய்தித்தாள் படிக்கவும் அரிசி புடைக்கவும் சிரமப்படுவதாக இவர்கள் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

இமை இறங்காமலே இறங்கியதுபோல்

புருவமோ இமைத் தோலோ சரிந்து கண்ணை மூடினால், தோலை மெல்லத் தூக்கிப் பிடித்து உண்மையான விளிம்பை அளக்க வேண்டும். விளிம்பு சரியான இடத்திலேயே இருக்கலாம். கண் சுருங்கிப்போனாலோ உள்ளே அமிழ்ந்தாலோ இமைக்குத் தாங்கல் இல்லாமல் போகும். ஒரு கண் கீழ்நோக்கி மாறியிருந்தால் இமையும் அதோடு இறங்கும். நல்ல கண்ணை மூடி, மாறிய கண்ணால் நேராகப் பார்க்கச் சொன்னால் இமை தானே ஏறிவிடும். தைராய்டு நோயில் ஒரு கண்ணின் இமை அளவுக்கு மீறி ஏறியிருக்க, மற்றக் கண்ணை டோசிஸ் என்று நினைத்துவிடுவதும் உண்டு.

நேரத்துக்கு நேரம் மாறும் இமை

காலையில் சரியாக இருந்து மாலையில் இறங்கும் இமைக்கு ஒரே ஒரு அளவு போதாது. அளந்த நேரத்தையும் எழுத வேண்டும். மையஸ்தீனியா என்ற நோயில் நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தி பயன்படுத்தப் பயன்படுத்த வலுவிழக்கிறது. ஒன்று அல்லது இரண்டு நிமிடம் இமைக்காமல் மேலேயே பார்க்கச் சொன்னால் இமை மெல்ல மெல்லக் கீழே வரும். அதன்பின் துணியிலோ கையுறையிலோ ஐஸ் கட்டியைச் சுற்றி, மூடிய இமையின் மேல் 2 நிமிடம் வைத்து, எடுத்த உடனே எம்.ஆர்.டி. 1 அளக்க வேண்டும். 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஏறினால் மையஸ்தீனியாவுக்கு ஆதரவான சான்று. நரம்பின் செய்தியைத் தசைக்குக் கடத்தும் வேதிப்பொருள் அசிட்டைல்கோலின்; குளிரில் அதைச் சிதைக்கும் நொதியின் வேகம் குறைவதால் செய்தி சற்றுக் கூடுதல் நேரம் தங்குகிறது. ஏறாவிட்டால் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

குழந்தைகள்

இரண்டு வயதுக் குழந்தை ஸ்கேலுக்கு முன்னால் கீழே பார், மேலே பார் என்றால் பார்க்காது. சாவிக்கொத்தையோ பொம்மையையோ மேலும் கீழும் நகர்த்தி இமை எவ்வளவு ஏறுகிறது என்று கண்ணால் மதிப்பிட வேண்டியதுதான். கைக்குழந்தையில், கீழே பார்க்கும்போது மேல் இமையைப் புரட்டிவிட்டால், லெவேட்டருக்கு வலு இருந்தால் இமை தானாகவே திரும்பிவிடும். மடிப்பு இருப்பதும் நல்ல அறிகுறி. பால் குடிக்கும்போதோ மெல்லும்போதோ இறங்கிய இமை துடித்து ஏறுகிறதா என்று தாயிடம் கேளுங்கள். தாடை அசைவோடு இமை இணைந்திருக்கும் இந்த நிலையை 1883இல் மார்க்கஸ் கன் விவரித்தார். அது இருந்தால் அறுவைத் திட்டமே மாறும்.

குழந்தையில் மி.மீ.யைவிட அவசரமான கேள்வி, இமை கண்பாவையை மறைக்கிறதா என்பது. மறைத்தால் அந்தக் கண் பார்க்கக் கற்றுக்கொள்ளாமலே போகும். சோம்பேறிக் கண் என்று சொல்வது இதைத்தான். கண்பாவையை மறைக்காவிட்டாலும் இமை அழுத்தத்தால் சிலிண்டர் பவர் வந்து பார்வை குறையலாம், ஆகவே கண்ணாடிப் பரிசோதனை கட்டாயம். மோவாயைத் தூக்கியே பார்க்கும் குழந்தை இமைக்கு அடியில் வழி தேடுகிறது என்று பொருள். பார்வைக்கு ஆபத்து இல்லாவிட்டால் நம்பகமாக அளக்க முடிகிற 3–5 வயது வரை காத்திருப்பது வழக்கம். கண்பாவை மறைந்திருந்தால் காத்திருக்கக் கூடாது.

எண்கள் எங்கே கொண்டு போகின்றன

லெவேட்டர் செயல்பாடு 4 மி.மீ. அல்லது குறைவு என்றால், இமையை சிலிக்கான் இழையாலோ தொடையிலிருந்து எடுத்த நார்ப்பட்டையாலோ நெற்றித் தசையோடு இணைப்பார்கள். அதற்கு மேல் வலு இருந்தால் லெவேட்டரைச் சுருக்கலாம். தகடு தளர்ந்திருந்தால் அதை மீண்டும் பொருத்தலாம். வலு நன்றாக இருந்து, இறக்கமும் சுமார் 2 மி.மீ. மட்டும் என்றால் 2.5% ஃபினைலெஃப்ரின் சொட்டு விட்டு 5–10 நிமிடம் கழித்துத் திரும்ப அளப்பார்கள். சொட்டு முல்லர் தசையைத் தூண்டி இமையை ஏற்றினால், இமையின் உட்புறமாக அந்தத் தசையைச் சுருக்கும் சிறிய அறுவை பலன் தரும். கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இதய நோயோ கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் குறுகிய அமைப்போ உள்ளவரிடம் இந்தச் சொட்டில் எச்சரிக்கை வேண்டும்.

எந்த அறுவையானாலும் முன்னதாக ஒன்று பார்க்க வேண்டும். இமைகளை விரலால் லேசாகத் திறந்து பிடித்துக்கொண்டு, கண்ணை மூட முயலச் சொல்லுங்கள். கண் உருண்டை மேலே உருள வேண்டும். உருளாவிட்டால், அறுவைக்குப் பிறகு தூக்கத்தில் இமை முழுதாக மூடாதபோது கார்னியா காய்ந்து புண்ணாகும். அப்படிப்பட்டவருக்கு இமையைக் குறைவாகவே தூக்குவது பாதுகாப்பு.

ஒரு மாதிரிப் பதிவு

60 வயதைத் தாண்டிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். எம்.ஆர்.டி. 1 வலது +1, இடது +3.5. லெவேட்டர் வலது 14, இடது 15. மடிப்பு வலது 12, இடது 9. கீழ்ப்பார்வையில் வலது இமை தாழ்ந்தே இருக்கிறது. கண்பாவைகள் சமம், கண் அசைவு முழுமை, மேலேயே பார்க்கச் சொல்லும் சோர்வுச் சோதனையில் மாற்றமில்லை. இறக்கம் 2.5 மி.மீ.; வலு இருக்கிறது, மடிப்பு ஏறியிருக்கிறது. தகடு தளர்ந்ததால் வந்த டோசிஸ் என்று இந்த எண்களே சொல்கின்றன.

இத்தோடு நிறுத்தாமல் வலது இமையை விரலால் தூக்கிப் பிடித்து இடதைப் பாருங்கள். இரண்டு இமைகளுக்கும் மூளை சமமான கட்டளையையே அனுப்புகிறது. இதை ஹெரிங் விதி என்பார்கள். இறங்கிய இமையைத் தூக்க மூளை கூடுதலாக முயலும்போது மற்ற இமைக்கும் அதே கூடுதல் போகிறது. விரல் பாரத்தை வாங்கிக்கொண்டதும் கட்டளை குறைகிறது. இடது இமை +3.5 இலிருந்து +2க்கு இறங்குகிறது. இடதிலும் மறைந்திருந்த டோசிஸ் அது. வலதுக்கு மட்டும் அறுவை செய்தால், கட்டுப் பிரித்த சில நாளில் "இப்போது இந்தக் கண் இறங்கிவிட்டதே" என்று அவர் வந்து நிற்பார். இரண்டுக்கும் சேர்த்துச் செய்வதா, இடது இறங்கக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வலதுக்கு மட்டும் செய்வதா என்பதை, இந்த +2 என்ற எண்ணை அவருக்குக் கண்ணாடியில் காட்டியபடி பேசி முடிவெடுக்கலாம்.